லாரியை அனுப்பியது யார்?

கோலாலம்பூரில் நடந்த பேச்சுவார்த்தையில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது சாயங்கால டீ ஒன்றுதான். கெட்டிப் பால் விட்டு, சர்க்கரையை அள்ளிப் போட்டு, கூடவே பச்சை நிறத்தில் தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டிய பலகாரம் ஒன்றும் தந்தார்கள். மற்றதெல்லாம் கதவுக்கு உள்ளே நடந்தது. பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் கதவுக்கு வெளியே, முதுகு சாய்க்க முடியாத பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தோம். "சுதந்திரம் வாங்கின நாட்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு என்ன வேலை? போய்ப் பார்த்து எழுது" என்று சென்னையிலிருந்து என் ஆசிரியர் அனுப்பி வைத்திருந்தார். பெஞ்சைப் பற்றி எழுதினால் போடுவாரா என்று தெரியவில்லை.

விஷயம் என்னவோ சின்னதாகத்தான் தெரிந்தது. மலாயா தன் கொடியை ஏற்றி அதிக காலம் ஆகவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இன்னும் இருக்கிறார்கள், அவசரகாலச் சட்டமும் இன்னும் இருக்கிறது. அதனால் வெள்ளைக்காரப் பட்டாளமும் இருக்கட்டும் என்று ஒப்பந்தம். மலாக்காக் கடற்கரையில் அவர்களுக்குப் பெரிய முகாம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே இருக்கப்போகிற சிப்பாய் உள்ளூர்க்காரனை ஏதாவது செய்துவிட்டால் யார் விசாரிப்பது? பணியில் இருந்தபோது செய்தால் பட்டாளத்துக் கோர்ட், சொந்த நேரத்தில் செய்தால் மலாயாக் கோர்ட் என்பதுவரை இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டாயிற்று. பணியா, சொந்த நேரமா என்று யார் சொல்வது என்பதில்தான் இழுபறி. சிப்பாயின் மேலதிகாரி ஒரு சான்று கொடுத்தால் அதற்குமேல் பேச்சே இல்லை என்றது பட்டாளத்துப் பக்கம். அந்தச் சான்றை எங்கள் நீதிபதி கேள்வி கேட்கவாவது வேண்டாமா என்றது மலாயாப் பக்கம்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஆரம்பித்து இதைக் கேலியாக ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அஞ்சலையைப் பார்க்கும்வரை அது எனக்குச் சிரிப்பான விஷயமாகத்தான் இருந்தது.

அஞ்சலை என் சித்தப்பா மகள். கல்யாணமானதும் புருஷனோடு கப்பலேறி, மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவள். அவள் புருஷன் சின்னையா, தோட்டத்துத் தீமிதித் திருவிழாவின்போது பட்டாளத்து லாரி மோதி இறந்துபோனார். செய்தி எங்கள் ஊர் லால்குடிக்கு வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. "கையோட கூட்டிக்கிட்டு வந்துரு" என்று சித்தி என்னிடம் ஒரு முறுக்கு டின்னையும் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

முகாம் கட்டும் இடத்தை நேரில் பார்த்துவிட்டு மீதியை மலாக்காவில் பேசி முடிப்பதென்று அதிகாரிகள் கிளம்பினார்கள். எங்களை ஒரு கிழட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வழியில் முள்கம்பித் தடுப்புப் போட்டு எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் முறுக்கு டின்னைத் திறந்த போலீஸ்காரர், இது எதில் செய்தது என்று கேட்டார். அரிசி மாவு என்றேன். அரிசி என்றால் அரிசிதான், இந்த வட்டாரத்தில் ரோட்டில் அரிசி கொண்டுபோகக் கூடாது, காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்றார். முறுக்கைத் தின்றுவிட்டு எவனால் அய்யா யுத்தம் செய்ய முடியும், தாகம்தான் எடுக்கும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், டின்னை வைத்துக்கொண்டார். மலாக்கா எல்லைக்குள் அந்தக் கெடுபிடி நீங்கி வருஷக்கணக்காகிறதாம். இன்னும் கொஞ்ச தூரம் தப்பியிருந்தால் சித்தியின் முறுக்கு பிழைத்திருக்கும்.

மலாக்கா எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லத்தான் ஆசை. கடல் இருக்கிறது, சேற்று வாடையும் இருக்கிறது. செம்மண் நிறத்தில் பழைய கட்டடங்கள், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மலாய்க்காரி கடையில் புளியும் மிளகாயும் கரைத்துக் கொதிக்கவைத்த மீன் கிடைத்தது. நம் வீட்டு மீன்குழம்புக்குத் தங்கை என்று சொல்லலாம், ஆனால் கோபக்காரத் தங்கை. இரண்டு தட்டுச் சோறு இறங்கியது. அந்தப் பயணத்தில் நான் ருசித்துச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அதுதான்.

மறுநாள் காலையில் அலோர் காஜா பஸ்ஸைப் பிடித்தேன். செங் என்ற ஊரைத் தாண்டியதும் பஸ் ஓரங்கட்டி நின்றது. பட்டாளத்து லாரிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன, எல்லாவற்றிலும் மணலும் கருங்கல்லும். வெயிலில் பஸ் அடுப்பாகக் காய்ந்தது. கண்டக்டர் மலாயில் ஏதோ முணுமுணுக்க, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண் எனக்காகத் திருப்பிச் சொன்னாள். முன்பெல்லாம் துப்பாக்கியோடு போனார்களாம், இப்போது மணலோடு போகிறார்களாம், நிற்பது மட்டும் எப்போதும் நாம்தானாம். அந்தப் பெண்ணிடம் நான் இறங்கவேண்டிய தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரைச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. பாலத்தடித் தோட்டம் என்றதும் தெரிந்தது. யாரைப் பார்க்க என்றாள். சின்னையா வீட்டுக்கு என்றேன். அதற்கப்புறம் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

தோட்டத்திலும் அதே கதைதான். ரப்பர் மரங்களைத் தாண்டிப் போனால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, லயம் என்கிறார்கள். லயத்தைச் சுற்றி, ஊரடங்குக் காலத்தில் அடித்த முள்கம்பி வேலி துருப்பிடித்துக் கிடக்கிறது. இப்போது துணி காயப்போட உதவுகிறது. குழாயடியில் நின்ற பெண்களிடம் அஞ்சலையின் அண்ணன் என்று சொன்னேன். ஒருத்தி முகவாயால் ஒரு கதவைக் காட்டினாள். இன்னொருத்தி நிறையாத வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெளியூரிலிருந்து வந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் தராத தமிழ்ச்சனத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அஞ்சலை அழவில்லை. "வாங்கண்ணே, மொதல்ல சாப்டுங்க" என்றாள். சோறும் நெத்திலிச் சம்பாலும், மரவள்ளித் தழையைத் தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்த கறியும் வைத்தாள். அவள் மகள் செல்வி, ஏழெட்டு வயதிருக்கும், மூலையில் உட்கார்ந்து தனியாகத் தாயம் உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. ஏன் நீ போகவில்லை என்றேன். "சேத்துக்க மாட்டாங்க மாமா" என்றாள், சாதாரணமாக.

நடந்ததை அஞ்சலை நிதானமாகச் சொன்னாள். சின்னையா லீவு நாட்களில் முகாமுக்குப் புதர் வெட்டும் வேலைக்குப் போவார். அங்கே லாரி ஓட்டும் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அவரோடு ஒட்டிக்கொண்டான். ஜிம்மி என்று பேர். இங்கே வந்து, தரையில் சம்மணம் போட்டு, கண்ணில் தண்ணீர் வர வர சம்பால் தின்றுவிட்டுப் போவானாம். தீமிதிக்குச் சின்னையா காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினவர் விரதம் முடியும்வரை கள்ளைத் தொடக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பூக்குழிக்குக் கட்டை போதவில்லை என்று அவர் கவலைப்பட்டதைக் கேட்டுவிட்டு, ஜிம்மி தனக்கு வேலையில்லாத நாளில், யாரிடமும் சொல்லாமல் முகாம் லாரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பழைய ரப்பர் மரக்கட்டையை லாரி கொள்ளுமட்டும் ஏற்றி வந்து இறக்கினான். சனங்கள் அவனுக்கு மாலை போட்டார்கள். கள்ளுக்கடைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். நம் சென்னையில் கள்ளைக் கையால் தொட்டாலே போலீஸ் வரும். இங்கே தோட்டத்துக் கம்பெனியே கடை வைத்து ஊற்றிக் கொடுக்கிறது. பையன் குடித்துவிட்டு வந்து லாரியைப் பின்னால் எடுத்தான். சின்னையா பின்பக்கம் நின்று வழி காட்டிக்கொண்டிருந்தார். வளைவில் முனியாண்டி மரம். மரத்தடியில் முனியாண்டிக்குக் கள்ளுப் பானை படைத்து வைத்திருந்தார்கள். லாரி அவரை அந்த மரத்தோடு வைத்து நசுக்கிவிட்டது. பானை உடைந்து கள்ளெல்லாம் அவர் மேல் கொட்டியது. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அஞ்சலை. இன்னொருவர் தண்டல், அதாவது தோட்டத்து மேஸ்திரி. கோவில் தலைவரும் அவர்தான்.

முகாம் ஆஸ்பத்திரி டாக்டர், இறந்தவர் மேல் கள்ளு நாற்றம் என்று எழுதினார். அது ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, வாய்வழியாக லயத்துக்கு வந்தபோது, சின்னையா குடித்திருந்தார் என்று ஆகிவிட்டது. காப்புக் கட்டினவன் குடித்தான் என்றால் அம்மாள் சும்மா விடுவாளா? தீமிதி நின்றது. அடுத்த வாரமே பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. பழி பூராவும் இந்த வீட்டு வாசலில் வந்து விழுந்தது.

அஞ்சலை பரண்மேலிருந்து ஒரு காகித உறையை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அவர் கையிலிருந்து அறுத்துக் கொடுத்த காப்பு அதில் இருந்தது. மஞ்சள் கயிறு, அதில் கட்டின மஞ்சள் துண்டு. "மலாக்கா கோர்ட்ல ஜட்ஜையா மேசையில இதை வைக்கணும்ணே. அவரு குடிக்கலன்னு நாலு பேரு கேக்கச் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம். அந்தப் பிள்ளைய அடிக்க வேணாம், ஜெயில்ல போட வேணாம்" என்றாள். மாத்தா ஸ்டேஷனில், அதாவது போலீஸில், கேஸை இன்னும் மூடவில்லையாம். ஆனால் லாரி பணியில் வந்த லாரி, அதனால் இந்தக் கோர்ட்டுக்கு வராதுபோல என்கிறார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் லீவு நாளில் திருட்டுத்தனமாக எடுத்து வந்த லாரி எப்படிப் பணியாகும் என்று கேட்டேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் முகாமிலிருந்து ஒரு ஆபீசர் விசாரிக்க வந்தாராம். தோட்டத்து துரையும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். லாரியை யார் அனுப்பினார்கள் என்று கேட்டதும் தண்டல் கைகட்டிக்கொண்டு, பெரிய துரை புண்ணியத்தில் முகாம் துரை அனுப்பி வைத்தார் என்று சொன்னாராம். தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். மழை பெய்தால்கூட துரை புண்ணியம். துரையை உட்காரவைத்துக்கொண்டு, இந்த உதவியை ஒரு லாரிக்காரப் பையன் செய்தான் என்று சொன்னால் அது மரியாதைக் குறைச்சல். துரை சிரித்துக்கொண்டாராம். அடுத்து அஞ்சலையைக் கேட்டார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"அதேதாண்ணே. தொரைதான் அனுப்பினாங்கன்னேன்."

"அடிப் பாவி மகளே! புருஷன் பொணத்தைப் போட்டுட்டு உனக்கு என்னடி மரியாதை?"

"சொல்லாம எடுத்தாந்தான்னு சொன்னா அவனைத் தண்டிப்பாங்கன்னு தண்டல் காதோட சொன்னாரு. என் வூட்ல சோறு தின்ன பிள்ளைண்ணே. நானே காட்டிக் குடுக்கவா?"

நான் என் தலையில் அடித்துக்கொண்டேன். கதவுக்கு உள்ளே இரண்டு நாட்டுக்காரர்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை போடும் விஷயத்தை, இவளும் தண்டலும் கைகட்டி நின்றே தீர்த்து வைத்திருந்தார்கள். முகாம் அதிகாரிக்கு அந்த லாரி வந்ததே தெரியாது. ஆனால் பொதுமக்களுக்கு உதவி என்ற பெயர் தானாக வந்து மடியில் விழுந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? சிப்பாய் பணியில்தான் இருந்தான் என்று சான்று கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் மலாக்கா திரும்பி, அதிகாரிகள் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். மலாயாப் பக்கத்துச் சட்ட அதிகாரிகளில் இன்சே ஹாரூன் (இன்சே என்றால் நம்மூர் 'திரு') என்பவர் மட்டும் எங்களைப் பார்த்தால் முகம் சுளிக்காதவர். வராந்தாவில் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் சொன்னேன். காப்பி ஆறும்வரை கேட்டார். பிறகு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். இதுபோல ஒரு உதாரணத்தைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தாராம். சான்று தவறாகவும் இருக்கலாம் என்று காட்ட இது போதும், பெயரில்லாமல் மேஜையில் வைக்கிறேன், ஆனால் பார்த்த இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் மனைவி என்பதால் மற்றவர் சொல்தான் முக்கியம் என்றார். நாளை மறுநாள் கடைசிப் பேச்சு. அதற்குள் வேண்டும். வருஷக்கணக்காக எழுதியும் ஒரு துரும்பைக்கூட அசைக்காத பத்திரிகைக்காரன் நான். அன்றைக்கு ஏதோ சாதிக்கப்போகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

விடிந்ததும் பாலத்தடித் தோட்டத்தில் இருந்தேன். அஞ்சலை உடனே சொல்லி, கைநாட்டும் வைத்துவிட்டாள். தண்டலை, வெட்டு முடிந்து பால் நிறுக்கும் இடத்தில் பிடித்தேன். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். நரைத்த மீசை, நெற்றி நிறையத் திருநீறு. என்னைத் தனியாக அழைத்துப்போய் மரத்து நிழலில் உட்காரவைத்தார். நான் சொன்ன எதையும் அவர் மறுக்கவில்லை. சின்னையா குடிக்கவில்லை, பையன்தான் குடித்திருந்தான், லாரி திருட்டு லாரி, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கையெழுத்து என்றதும் ஆட்டம் நின்றது.

"நடந்தது என்னா தெரியுங்களா தம்பி? தொரை கிளப்புல வச்சு அந்த கேம்ப்பு தொரைக்கு நன்றி சொல்லிட்டாரு. கோவில்ல பரிவட்டம் கட்டி மரியாதையும் பண்ணிட்டோம். இப்ப நான் போயி அவுங்க அனுப்பலன்னு சொன்னா ரெண்டு தொரையும் பொய்யனாயிருவாங்க லா. நாளைக்குப் பெரட்டுல எம் பேரைக் கூப்பிட மாட்டாங்க. அஞ்சு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எந்தத் தோட்டத்துக்குப் போவேன்?"

பெரட்டு என்பது விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் இடம். அங்கே பேர் விழாதவனுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. அது எனக்கும் புரிந்தது. ஆனாலும் விடவில்லை. லயத்துச் சனத்திடமாவது சின்னையா குடிக்கவில்லை என்று சொல்லக் கூடாதா என்று கெஞ்சினேன். சொன்னால் யார் குடித்தது என்று கேட்பார்கள், பையன் குடித்தான் என்றால் யார் கொடுத்தது, யார் கூப்பிட்டது என்று போய்க் கடைசியில் லாரியை அனுப்பினது யார் என்பதில்தான் வந்து நிற்கும் என்றார். எழுந்து போகும்போது மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையாகவும் இருக்கலாம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று அவரை மனசுக்குள் திட்டினேன். திட்டியும் ஆறவில்லை.

அடுத்த நாள் எங்களுக்கு முகாமைச் சுற்றிக் காட்டினார்கள். தோள்பட்டை சிவந்த ஒரு சார்ஜெண்ட் வழிகாட்டி. கடலைப் பார்த்த மாதிரி வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தேவாலயம், விளையாட்டு மைதானம், எல்லாம் வரப்போகிறதாம். நம்மூர் தாலுகாவுக்கே இவ்வளவு கிடையாது. பஸ் சேற்றில் புதைந்து, நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிய களைப்பில் சார்ஜெண்ட் எனக்கு ஒரு சிகரெட் நீட்டினார். சும்மா கேட்பதுபோல, இங்கே ஜிம்மி என்று ஒரு லாரிப் பையன் இருந்தானாமே என்றேன்.

"ஓ, அவனா? நல்ல பையன். அனுமதி இல்லாமல் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்காக முகாம் சிறையில் அடைத்துவைத்து, அப்புறம் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டோம்" என்றார். செத்துப்போன ஆள் விஷயம் என்ன ஆயிற்று என்றேன். அது விபத்து, அந்த ஆள் குடித்திருந்தானாம் என்றார். சொல்லிவிட்டு, தீப்பெட்டி வேண்டுமா என்று கேட்டார்.

எனக்குச் சிகரெட் கையிலேயே நின்றது. பணியில் இருந்தான் என்று மலாயாவுக்குச் சான்று. பணியில் இல்லாமல் லாரியைத் திருடினான் என்று பையனுக்குத் தண்டனை. ஒரே லாரி, ஒரே நாள், ஒரே அதிகாரி! இதைவிட ஒரு வக்கீலுக்கு என்ன வேண்டும்? தண்டலின் கையெழுத்தும் இனி வேண்டாம். சேற்றுக் காலோடு விடுதிக்கு ஓடினேன்.

ஹாரூன் அதே வராந்தாவில் இருந்தார். இந்த முறை எதிரே காப்பி இல்லை. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

"அந்தப் பத்தியை இன்று காலையில் விட்டுக்கொடுத்துவிட்டோம்" என்றார். "மேலதிகாரியின் சான்றே முடிவு. பதிலுக்கு, முகாமின் சமையல், சலவை, தோட்ட வேலையெல்லாம் உள்ளூர் ஆட்களுக்கே தருவதாக ஒத்துக்கொண்டார்கள். நிறையப் பேர் பிழைப்பார்கள்."

பழைய கேஸுக்கும் இது பொருந்துமா என்றேன். முடியாமல் இருக்கும் எல்லாக் கேஸுக்கும் என்றார். சான்று பொய் என்று அவர்களே கொடுத்த தண்டனை சொல்கிறதே என்றேன். சொல்லலாம், ஆனால் அதைக் கேட்கும் அதிகாரம் இனி எந்த நீதிபதிக்கும் இல்லை என்றார். பிறகு, நேற்று வந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். உள்ளே டீ மணி அடித்தது. அதே பச்சைப் பலகாரம்தான் வந்திருக்கும், நான் போகவில்லை.

அஞ்சலையிடம் இதை எப்படிச் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். யோசித்ததெல்லாம் வீண், பச்சையாகத்தான் சொன்னேன். அவள் கோர்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பையனைப் பற்றித்தான் கேட்டாள்.

"அவனைத் தண்டிச்சிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"இவரைக் கொன்னதுக்கா?"

"இல்லை. கேட்காமல் லாரியை எடுத்ததுக்கு."

எதைச் சொல்லக் கூடாது என்று அவள் வாயைக் கட்டிக்கொண்டாளோ, அதற்காகவே அவனைத் தண்டித்திருக்கிறார்கள். அவள் வாயை மூடிக்கொண்டதால் அவனுக்கும் பிரயோசனமில்லை, அவளுக்கும் இல்லை. நான் ஊருக்குப் போய்விடலாம் வா என்றேன், சித்தி காத்திருக்கிறாள் என்றேன். "இங்கதானே அவரு கெடக்காரு" என்றாள். குடித்துவிட்டுச் செத்தவன் பெண்டாட்டி என்று பேர் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தால் அங்கே மட்டும் அந்தப் பேர் கூட வராதா என்றும் கேட்டாள். பிறகு செல்வி தாயம் உருட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து தண்டல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் பரிகாரம். மாரியம்மன் கோவிலுக்கு முன்னால் பூக்குழி வெறும் பள்ளமாகக் கிடந்தது. பக்கத்தில் ஜிம்மி கொண்டுவந்து இறக்கிய கட்டைகள் மழையில் ஊறிக் காளான் பூத்திருந்தன. அதிலிருந்து நாலு கட்டையை எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். லயத்துச் சனம் மொத்தமும் நின்றது. அஞ்சலை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்தாள். தட்டை நான் ஏந்திக்கொண்டேன். அதில் தேங்காய், பழம், வேப்பிலை, அந்தக் காப்பு.

என்ன குற்றத்துக்காகப் பரிகாரம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம், அதுதான் முறையாம். கோவில் தலைவர் என்ற முறையில் அதைக் கேட்க வேண்டியவர் தண்டல். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார். நான் அஞ்சலையின் கையைப் பிடித்துத் தடுத்தேன், "வேண்டாம்மா" என்றேன். அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"என் வூட்டுக்காரரு காப்புக் கட்டிக்கிட்டுக் கள்ளுக் குடிச்சிட்டாரு. ஆத்தா மன்னிச்சிரு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

காப்பை நெருப்பில் போட்டாள். ஈரம் பட்டிருந்ததோ என்னவோ, கொஞ்சம் புகைந்துவிட்டுத்தான் பிடித்தது. தண்டல் அவள் நெற்றியில் திருநீறு பூசினார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி வந்து செல்வியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். ஐந்தாறு பிள்ளைகள் செல்வியை இழுத்துக்கொண்டு ஓடின. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் பெண்கள் ஆளுக்கொரு கறி கொண்டு வந்தார்கள். குழாயடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவள் எனக்கு இலை போட்டாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், சேமியாப் பாயசம். அஞ்சலை எல்லோருக்கும் பரிமாறினாள். "அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க, நல்லா சாப்டுவாரு" என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். இலையில் எல்லாம் இருந்தது. ஒரு வாய் எடுத்தேன், உள்ளே போகவில்லை.